வெறும் பிளாஷ்

"நேத்து கல்யாணத்துல மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க ஒருத்தரையும் நான் படம் எடுக்கல."

சிங்கப்பூரில் தேக்கா போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில், மடியில் மலிவான கேமராவும் தனி பிளாஷும் வைத்திருந்த பெண் சத்தமாகவே சொன்னாள். பக்கத்திலிருந்த சின்னவள் பதறினாள்.

"எடுத்தீங்களேக்கா, பாத்தேனே!"

"பிளாஷ் மட்டும் அடிச்சேன் லா, கேமராவ அமுக்கல. மேடையில வரிசையா வந்து நிக்கிறாங்க, என்கிட்ட இருந்தது ஒரே ரோல் பிலிம்."

"கேட்டா?"

"பிலிம்ல வெளிச்சம் பட்டுருச்சும்பேன். எல்லாரும் சிரிச்சுக்கிட்டுத்தானே இறங்கிப் போனாங்க?"

சின்னவள் மெதுவாகக் கேட்டாள்.

"பந்தி ஓரமா நானும் ராஜனும் ரகசியமா பேசிக்கிட்டிருந்தப்பவும் பிளாஷ் அடிச்சீங்களே?"

"அது நிஜமாவே அமுக்கினது. அதுக்குத்தானே பிலிம மிச்சம் புடிச்சு, மத்தவங்களுக்கெல்லாம் வெறும் வெளிச்சம்!"