மூன்று மடக்குக் கஷாயம்

கற்பூரவல்லிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றக் கூடாது, சார். வேர் அழுகிவிடும். சொன்னால் யாரும் கேட்பதில்லை. விம்கோ நகரில் எங்கள் மொட்டைமாடித் தொட்டியில் அது ஒன்பது வருடமாக நிற்கிறது. பக்கத்திலேயே தூதுவளை, கறிவேப்பிலை. தெருவில் யாருக்கு இருமல் வந்தாலும் இந்தப் பக்தவச்சலம் வீட்டுக்குத்தான் இலை கேட்டு வருவார்கள். எண்ணூர் அனல்மின் நிலையப் பக்கமிருந்து காற்று அடித்தால் செடியெல்லாம் சாம்பல் படியும். ஒவ்வொரு இலையாக ஈரத்துணியால் துடைப்பேன்.

என் மகள் மதிக்குச் சின்ன வயதிலிருந்து மூச்சு இளைப்பு. அவள் அம்மா போன பிறகு நான்தான் பார்த்துக்கொண்டேன். காலையில் கற்பூரவல்லிக் கஷாயம், மதியம் தூதுவளை ரசம். அதில்தான் தேறினாள். டாக்டர், இளைப்பு வந்தால் வாயில் அடித்துக்கொள்ளும் பம்ப் ஒன்றைக் கொடுத்து, "இந்தக் காத்து ஒத்துக்காது, ஊரை மாத்துங்க" என்றார். நேற்று வந்தவருக்கு எங்கள் காற்றைப் பற்றி என்ன தெரியும்.

மதி கோயம்புத்தூரில் வேலை தேடிக்கொண்டாள். "அங்க காத்து சுத்தமா கீதுன்றாங்க நைனா. நீயும் வந்துடு" என்றாள்.

"செடிய யாரு பாத்துக்குவா?" என்றேன். சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரயில். வெள்ளிக்கிழமை அவள் குளிக்கப் போனபோது பம்பை மாடிக்கு எடுத்துப்போய் அழுத்தி அழுத்திக் காலி செய்தேன். பெட்டியில் வைத்திருந்த புதியதையும் எடுத்துக்கொண்டேன். கெட்ட எண்ணம் கிடையாது, சார். இலையால்தான் குணமாகிறது என்று அவளே தெரிந்துகொண்டால் போக மாட்டாள், அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலையில் இளைப்பு வந்தது.

"பம்ப்பு காலியா கீது நைனா. புதுசு இன்னா ஆச்சு?"

"அது கெடக்கட்டும் கண்ணு. இத்தக் குடி."

தேன் கலந்திருந்தேன். என் பேச்சைத் தட்டாத பெண். மூன்று மடக்கு குடித்தாள். பிறகு உதடு நீலமாகிவிட்டது. என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். புதுப் பம்ப் என் சட்டைப் பையில்தான் இருந்தது. தொட்டுப் பார்த்தேன், எடுக்கவில்லை. எடுத்துக் கொடுத்தால் மறுநாள் ரயில் ஏறிவிடுவாள்.

டம்ளரில் பாதிக் கஷாயம் மிச்சமிருக்கிறது. உங்கள் போலீஸ்காரர்களிடம் அதைக் கொட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். அதையும் குடித்திருந்தால் என் பெண் பிழைத்திருப்பாள்.