கவர் தூக்கவில்லை

லாரிக்குத் தார்ப்பாய் போட யாருக்கும் தெரியும். படகுக்குக் கவர் போடுவது வேறு வேலை, மேடம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நான் சொல்லப்போவது உங்கள் ஸ்டேஷன் ரைட்டருக்கும் புரியாது, கோர்ட்டுக்கும் புரியாது.

பாய்மரப் படகை டிரெய்லரில் ஏற்றி ரோட்டில் இழுத்துக்கொண்டு போகும்போது, கவர் மேல்தளத்தோடு நிற்கக் கூடாது. இரண்டு பக்கமும் அடிவயிறு வரை இறங்க வேண்டும். கயிறுகளை டிரெய்லருக்கு அடியில் கொண்டுபோய் இழுத்து, வெளிப்பக்கம் முடிச்சு வர வேண்டும். மேலே வேகமாக ஓடும் காற்றுக்கு அழுத்தம் குறைவு. ஒரு மூலை தொளதொளவென்று இருந்தால் போதும், அந்த வழியாகக் காற்று உள்ளே புகுந்து கவரை மொத்தமாகத் தூக்கிவிடும். ஷெட்டில் நிறுத்தி வைக்கும்போது கதை தலைகீழ். அப்போது முன்னும் பின்னும் தளர்த்திக் காற்றோட்டம் விட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். ஓடும்போது இறுக்கம், நிற்கும்போது தளர்வு. பட்டறையில் இது எனக்கு மட்டும்தான் சரியாகத் தெரியும்.

என் பெயர் ஹில்டா. அப்பா தனசிங், தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்து நெஞ்சு கெட்டு வீட்டில் இருக்கிறார். அம்மா ரத்தினபாய் பள்ளிக்கூடத்தில் ஆயா. இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். பி.எஸ்சி. பிசிக்ஸ். வாடகைக் கவுன் போட்டு எடுத்த போட்டோ வீட்டில் இயேசு படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வருகிறவர்கள் இரண்டையும் பார்த்துவிட்டு, "என்ன வேலையில இருக்கா?" என்று கேட்பார்கள். அம்மா காபி போட எழுந்து போய்விடுவாள்.

எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்தேன், பரீட்சைகள் எழுதினேன், எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்தேன். கடைசியில் கடப்பேரியில் வைத்தீஸ்வரன் சாரின் ஃபைபர் பட்டறையில் ஆபீஸ் வேலை கிடைத்தது. தண்ணீர்த் தொட்டியும் நாற்காலியும் செய்கிற இடம். சாருக்குக் கப்பலில் வேலை பார்த்த ஆசை விடவில்லை, முன்பக்கம் சின்ன அறை வைத்து ஒரு பாய்மரப் படகு செய்தார். மாமல்லபுரம் பக்கத்து ஓட்டல்காரர்களுக்கு அதைக் காட்டுவதற்காக அடிக்கடி முட்டுக்காட்டுக்கு இழுத்துக்கொண்டு போவோம். கவரை அளவெடுத்துத் தைக்கக் கொடுத்தது நான். அதனால் அதைக் கட்டுவதும் என் தலையில் விழுந்தது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நிரந்தரம் ஆக வேண்டும் என்பதற்காகக் கக்கூஸ் கழுவச் சொன்னாலும் கழுவியிருப்பேன். பட்டம் வாங்கியவர்கள் இதை வெளியே சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

ஏனென்றால் இந்த ஜூனுக்குள் வேலை நிரந்தரமாகாவிட்டால் என்னை எலியேசர் மாமாவுக்குக் கட்டிவைப்பதாக முடிவாகியிருந்தது. அம்மாவின் தம்பி. சாயர்புரத்தில் லாரி வைத்திருக்கிறார். முதல் மனைவி மண்ணெண்ணெய் ஸ்டவ் வெடித்துச் செத்தார் என்று சொல்வார்கள். அந்த வீட்டில் சமையல் விறகடுப்பில்தான் என்பது எங்கள் சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

சிட்டிபாபுவைப் பற்றிக் கேட்டீர்கள். பல்லாவரத்துக்காரர். பட்டறையில் ஹெல்பர், படகைத் தண்ணீரில் இறக்குவது ஏற்றுவது அவர் வேலை. என்னை 'டிகிரி' என்று கூப்பிடுவார்.

"இன்னா டிகிரி, காலேஜ்ல முடிச்சு போடத்தான் சொல்லிக் குட்த்தாங்களா?"

கெட்ட மனிதர் இல்லை. டீ வாங்கினால் எனக்கும் சேர்த்து வாங்குவார். ஆனால் மத்தியானம் தூங்காமல் அவரால் இருக்க முடியாது. படகின் சின்ன அறைக்குள் மெத்தை போட்டிருந்தது. கவர் போட்டபிறகு பின்பக்கக் கயிற்றை அவிழ்த்து உள்ளே நுழைந்து படுத்துக்கொள்வார். "கொஞ்சம் லூசா வுடு டிகிரி, காத்து வரட்டும்" என்பார்.

பிப்ரவரியில் முட்டுக்காட்டிலிருந்து திரும்பும்போது பெருங்களத்தூரில் கவர் தூக்கியது. பின்பக்கம் பிய்த்துக்கொண்டு பறந்து, பின்னால் மொபெட்டில் வந்தவர்மேல் சுற்றி, அவர் விழுந்து கை முறிந்தது. மறுநாள் பட்டறையில் எல்லோரையும் நிற்கவைத்துக்கொண்டு சார் சொன்னார்: "பி.எஸ்சி. பிசிக்ஸ். ஒரு முடிச்சு ஒழுங்கா போடத் தெரியல. இன்னொரு வாட்டி கவர் தூக்குச்சுன்னா நீ வீட்டுலயே இரும்மா. பர்மனன்ட் பத்தி அப்புறம் யோசிக்கலாம்." சிரித்தவர்களில் சிட்டிபாபுவும் ஒருவர்.

கயிறு அறுந்திருக்கவில்லை. யாரோ அவிழ்த்திருந்தார்கள். படகின் அறையில் அவருடைய சீப்பு கிடந்தது. கொண்டுபோய்க் கேட்டேன். மறுக்கவில்லை.

"அட, வுடு டிகிரி. தூங்கி எயுந்தவன் கட்ட மறந்துட்டேன். உனக்கு இன்னா? படிச்ச பொண்ணு, இது இல்லேன்னா இன்னொரு வேல. எனுக்கு இது போச்சுன்னா நா பூட்டேன்."

இன்னொரு வேலை. அவர் நம்பித்தான் சொன்னார். படிக்காதவர்கள் எல்லோரும் அப்படித்தான் நம்புகிறார்கள், என் அப்பா உட்பட. அந்த வாக்கியத்தை மே மாதம் வரை தினமும் ரயிலில் வரும்போதும் போகும்போதும் எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். சாரிடம் போய்ச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சீப்பைக் காட்டியா?

அன்றைக்கு அக்னி நட்சத்திரம். ஓட்டல்காரர் முட்டுக்காட்டில் படகை ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்கிறேன் என்றார். சார் சந்தோஷமாக அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு முன்னால் போனார். போகும்போது கண்ணாடியை இறக்கி, "நான் பட்டறை கேட்லயே நிப்பேன். கவர் எப்படி வருதுன்னு பாக்கறேன்" என்றார். அது எனக்குச் சொன்னது.

படகை இழுக்கும் ஜீப்பின் டிரைவர் யேசுதாசன் அண்ணன் கைகால் கழுவப் போயிருந்தார். நான் கவரை விரித்து முன்பக்கம் கட்டினேன். இரண்டு பக்கமும் கட்டினேன். பின்பக்கம் வந்தபோது டிரெய்லருக்குப் பக்கத்தில் சிட்டிபாபுவின் ரப்பர் செருப்பு கிடந்தது, ஒன்றன்மேல் ஒன்றாக.

எழுப்பியிருக்கலாம் என்கிறீர்கள். எழுப்பினால் அவர் சும்மா வந்து ஜீப்பில் உட்கார மாட்டார். வெயிலில் வேலை செய்தவன், உள்ளேயே வருகிறேன், பின்னால் கொஞ்சம் தளர்த்திவிடு என்பார். யேசுதாசன் அண்ணனும் பாவம் விடும்மா என்பார். தளர்த்தினால் கவர் தூக்கும். கவர் தூக்கினால் நான் சாயர்புரம் போக வேண்டும். இதில் எந்த இடத்தில் தப்பு இருக்கிறது என்று நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பின்பக்கம் கட்டினேன். இரட்டை முடிச்சு. செருப்பை எடுத்து ஜீப்பில் வைத்துக்கொண்டேன். விட்டுவிட்டு வந்தால் தேடுவாரே என்று.

நான் ஜீப்பின் பின் சீட்டில் படகைப் பார்த்த மாதிரி உட்கார்ந்தேன். கவரைக் கவனிப்பது என் பொறுப்பு. கோவளம் தாண்டும் வரை அது தோல் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. கேளம்பாக்கத்தில் திரும்பும்போது நடுவில் ஒரு மேடு எழுந்து அடங்கியது. மறுபடி எழுந்தது. கை என்று தெரிந்தது. நான் பார்த்தது கயிற்றை. கயிறு இளகவில்லை.

பிறகு தட்டும் சத்தம்.

"என்னம்மா சத்தம் பின்னால?" என்றார் யேசுதாசன் அண்ணன்.

"பாய்மரம்ணே. படுக்க வெச்சது உருளுது."

"நிறுத்திப் பாக்கட்டுமா?"

"வேணாம்ணே. சார் கேட்ல நிக்கிறார்."

கண்டிகையில் டீ குடிக்க நிறுத்தினார். படகு வெயிலில் நின்றது, நாங்கள் புளியமரத்தடியில் நின்றோம்.

"சிட்டிபாபு எங்கம்மா?"

"பஸ்ல வரேன்னு போயிட்டார்ணே."

"சோம்பேறிப் பய. சொல்லாமக் கொள்ளாமப் போயிருவான்" என்று சிரித்தார். எனக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தார். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பதை அவர் கவனித்திருக்கிறார். சாப்பிட்டேன். கடைக்காரர் ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்தார். அதனால் வேறு எதுவும் கேட்கவில்லை. மனிதர் இரக்கமுள்ளவர் மேடம், யேசுதாசன் அண்ணன். அவரை நீங்கள் உள்ளே உட்கார வைத்திருப்பது சரியில்லை. நான் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வண்டலூர் ஜூ தாண்டியபிறகு மேடு எழவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறி, அந்தப் பெருங்களத்தூரையும் தாண்டினோம். பிப்ரவரியில் கவர் பிய்ந்த அதே இடம். லாரிகள் எங்களை ஒட்டிக் காற்றை அடித்துக்கொண்டு போயின. கவர் அசையவில்லை. அந்த நேரத்தில் நான் அழுதேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். சந்தோஷத்தில்தான்.

சார் சொன்ன மாதிரியே கேட்டில் நின்றார். டிரெய்லரைச் சுற்றி வந்தார், ஒவ்வொரு கயிறாகச் சுண்டிப் பார்த்தார். பின்பக்கம் வந்து படகின்மேல் கையால் தட்டினார். "பலே. இப்பத்தான் கத்துக்கிட்ட. ஜூன் ஒண்ணாந்தேதிலேருந்து நீ பர்மனன்ட்."

தகர ஷெட்டுக்குள் படகை நிறுத்தினோம். சாயங்காலம் கிளம்பும் முன் விதிப்படி முன்னும் பின்னும் தளர்த்திவிட்டேன். செருப்பைப் பின்பக்கத்துக்கு நேராக, இறங்கினால் காலில் மாட்டிக்கொள்ள வசதியாக வைத்தேன். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் அப்பாவை எழுப்பிச் சொன்னாள். இருவரும் முழங்காலில் நின்று ஜெபம் செய்தார்கள். நானும் நின்றேன்.

காலையில் கூட்ட வந்த அம்மணி அக்கா செருப்பைப் பார்த்து அவரைக் கூப்பிட்டிருக்கிறார். மற்றது உங்களுக்குத் தெரியும்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அன்று ஷெட்டில் எல்லோரும் கூடி நின்றபோது சார் தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "பாவிப் பய. 'பிப்ரவரில கயித்த அவுத்தது நான்தான் சார், அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க'ன்னு போன மாசமே வந்து அழுதானே. அன்னைக்கே இவன வேலைய விட்டு அனுப்பிச்சிருந்தா இப்பிடி ஆயிருக்குமா?"

போன மாதமே. சாருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் கேட்டில் நின்றார். ஏன் சார் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லியிருந்தா நீ இவ்வளவு கவனமா கட்டியிருப்பியாம்மா?" என்றார். நல்ல முதலாளிதான்.

சிட்டிபாபு என்னிடமும் சொல்லியிருக்கலாம். ஒரு டீ வாங்கிக் கொடுத்துச் சொல்லியிருக்கலாம். வெட்கப்பட்டிருப்பார். அவர் சொல்லாமல் விட்டதற்கு நான் என்ன செய்ய முடியும்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்றுச் சாயங்காலப் பேப்பரில் போட்டிருந்தது: 'உள்ளே ஆள் இருப்பதைப் பார்க்காமல் பெண் ஊழியர் அஜாக்கிரதையாகக் கவரைக் கட்டியதால் விபத்து.' உங்கள் எஃப்.ஐ.ஆரிலும் அதே வார்த்தை இருப்பதாக சார் சொன்னார். அந்த வார்த்தையோடு எனக்கு இனி எங்கேயும் வேலை கிடைக்காது. எங்கள் வீட்டில் படித்த ஒரே ஆள் நான். அஜாக்கிரதை என்று எழுதினால் படித்ததற்கு என்ன அர்த்தம்?

அன்று முட்டுக்காட்டில் செருப்பைப் பார்த்ததும் பின்பக்கக் கவரைத் தூக்கி அறைக்குள் எட்டிப் பார்த்தேன். கன்னத்துக்கு அடியில் கை வைத்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். வெளிச்சம் பட்டதும் அரைக் கண்ணைத் திறந்து, "கட்டிட்டியா டிகிரி?" என்றார். இதோ கட்டிவிடுகிறேன் என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அதனால் அந்த வார்த்தையை அடித்துவிடுங்கள், மேடம். நான் பார்த்துவிட்டுத்தான் கட்டினேன்.