சிவப்புக் கோடு வரைக்கும்

ஃபேனை நிறுத்தச் சொன்னது குளிருக்காக இல்லை. அதன் மோட்டாரில் ஏதோ உரசுகிறது. அந்தச் சத்தம் காதில் விழுந்தால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், கால் தரிக்காது, கை சும்மா இருக்காது. உங்கள் மேஜை டிராயரின் ஆடிக்கொண்டிருந்த திருகைக்கூட நகத்தாலேயே முடுக்கிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் தொழிலைக் கேட்டீர்கள். கிட்டார் வாசிப்பவர்கள் காலால் மிதிக்கும் டிஸ்டார்ஷன் பெடல் செய்கிறேன். ஹெவி மெட்டல்காரர்களுக்குக் கிட்டார் இனிமையாக ஒலிக்கக் கூடாது, உறும வேண்டும். டிரான்சிஸ்டர் மட்டும் போட்டால் வேகம் இருக்கும், தகரத்தைத் தட்டியதுபோலவும் இருக்கும். பழைய ரேடியோக்களில் சிவந்து எரியுமே, அந்தக் கண்ணாடி வால்வு மட்டும் போட்டால் சதைப்பிடிப்பு இருக்கும், வேகம் இருக்காது. நான் இரண்டையும் ஒரே பெட்டிக்குள் குடிவைத்தேன். மாமியார் மருமகள் கதைதான், யாருக்கு எவ்வளவு இடம் என்பதில் இருக்கிறது சூட்சுமம்.

அந்தச் சூட்சுமம் எனக்குப் பிடிபட்டதில்லை. என் தம்பிக்குத்தான் தெரியும். நான் பாகங்களை ஈயம் வைத்துப் பற்றவைத்துக் கொடுப்பேன். அவன் ஹெட்போனை மாட்டி, தந்தியை ஒரு தட்டு தட்டிவிட்டு, "அக்கா, அடியில கொழகொழன்னு இருக்கு, கொஞ்சம் இறுக்கிவிடு" என்பான். இறுக்கினால் சரியாகிவிடும். அம்மா போனபோது அவனுக்குப் பால்பல்கூட முழுதாக விழவில்லை. அவனை வளர்த்ததில் எனக்குக் கல்யாண ஞாபகமே வரவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, எதுவும் விட்டுப்போகக் கூடாதே என்று சொல்கிறேன்.

அவன் காதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவன். சோதனை மேஜையில் ஹெட்போனுக்காக நான் செய்த சின்னப் பெட்டி ஒன்று உண்டு. அதன் வால்யூம் குமிழில் என் நெயில் பாலிஷை எடுத்து ஒரு சிவப்புக் கோடு போட்டான்.

"இதுக்கு மேல போனா காது காலி. நான் மறந்தாலும் நீ விடாதக்கா."

இன்றுவரை அவன் அந்தக் கோட்டைத் தாண்டியதில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அப்புறம்தான் டமாரம் வந்தான். டிரம்ஸ் வாசிக்கும் தம்பியின் சிநேகிதன், நாங்கள் வைத்த பெயர் அது. அவனுடைய இசைக்குழு ஊர் ஊராகப் போகிறதாம், கிட்டாருக்கு ஆள் தேடுகிறார்களாம். "வருஷத்துல பாதி ரோட்டுலதான்கா இருப்போம். நீ தனியா இருந்துப்பியா?" என்று தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டான் தம்பி. "எனக்கென்ன, பேஷா போயிட்டு வாடா" என்றேன். சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னேன்.

மறுநாளிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. கழுவிய தட்டையே கழுவினேன். பற்றவைத்ததைப் பிரித்து மறுபடி பற்றவைத்தேன். பயமாக இருந்தது. அவன் போய்விட்டால் அந்த வீட்டில் என்னைக் கூப்பிட ஆளில்லை.

அந்த ஹெட்போன் பெட்டியைத் திறந்து, சத்தத்தை அடக்கிவைக்கும் ரெசிஸ்டர் ஒன்றை மட்டும் மாற்றினேன். கோடு இருந்த இடத்தில் இருந்தது, சத்தம் மட்டும் ஒரு நூல் கூடியது. ஒரேயடியாகக் கூட்டினால் பிடித்துவிடுவான். காது பழகும், பழகியதும் இன்னொரு நூல். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். காது கல்கூட இல்லை.

காதைவிட்டு முதலில் போவது மெல்லிய கீச்சு ஒலிகள். "வால்வு மங்கிடுச்சாக்கா? மேல பளபளப்பே காணோம்" என்றான். புது வால்வு போட்டேன், ஏமாற்றவில்லை. அவனுக்குப் போதவில்லை, பெடல்களில் கூர்மையை ஏற்றிக்கொண்டே போனான். வாங்கியவர்கள் காதில் ஊசி குத்துகிறது என்று பெடல்களைத் திருப்பி அனுப்பினார்கள். அதன் பிறகு அவன் முடித்துக் கொடுத்ததை நானே சத்தமில்லாமல் தணித்து அனுப்பினேன். தன் காதின் மேல் அவனுக்கு இருந்த நம்பிக்கையைக் கெடுக்க மனம் வரவில்லை.

குழுவில் வாசித்துக் காட்டக் கூப்பிட்டார்கள், போனான். டமாரம் சிம்பல் தட்டை மெல்லத் தட்டி, தொடங்குவதற்கு எண்ணிக்கை கொடுத்தபோது அது இவனுக்குக் கேட்கவே இல்லை. எல்லோரும் தொடங்கிவிட, இவன் கையைத் தூக்கியபடி நின்றிருக்கிறான். வீட்டுக்கு வந்து, "உள்ள ஒரு இரைச்சல்கா, விடவே மாட்டேங்குது" என்றான். அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். நடிக்கவில்லை. அத்தோடு நிறுத்தியிருக்கலாம் என்கிறீர்கள். நிறுத்தத்தான் நினைத்தேன். ஆனால் அவன், "டாக்டர பாத்துட்டு மறுபடி முயற்சி பண்றேன்கா" என்றானே. இன்னொரு நூல் ஏற்றினேன்.

ஆறுதல் சொல்ல வந்த டமாரம், பேச்சுவாக்கில் ஹெட்போனை மாட்டினான். குமிழைக் கோட்டுக்குக் கொண்டுவந்து தந்தியைத் தொட்டான். ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். "என்னக்கா இது, மண்டைக்குள்ள வெடிக்குது" என்றான். தம்பி அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். பிறகு திருப்புளியை எடுத்துப் பெட்டியைத் திறந்தான். ரெசிஸ்டரின் அளவைச் சொல்லும் நிறக் கோடுகளைப் படிக்க அவனுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். ஆனால் கெடுதல் என்ன ஆகிவிட்டது, சொல்லுங்கள். அவனுக்கு இப்போது உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு புரிகிறது, அதிலும் என் உதடுதான் பழக்கம். நான் பேசும்போது என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டான். எத்தனை அக்காக்களுக்கு அது வாய்க்கும்?

புகாரில் அவன் கையெழுத்து இருக்கிறது என்கிறீர்கள். யாரோ போடச் சொல்லியிருப்பார்கள். வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறான். உள்ளே வரும்போது அவன் முன்னால் நின்று, "சாப்பிட்டியாடா?" என்று நிதானமாக, புரியும்படி கேட்டேன். என் வாயையே பார்த்தான். இன்னும் சொல்ல இருந்தது, தொடங்கினேன். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். பாவம், தூங்கியிருக்க மாட்டான். சீக்கிரம் முடித்து அனுப்பினீர்களென்றால் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் படுக்கவைப்பேன்.