ஒரே குப்பி, ஐந்து ஜோடிக் கண்கள்

மேடையில் இருக்கும் பெரியோர்களே, டாக்டரம்மாவின் அண்ணன் ராஜப்பா ஐயா அவர்களே, நம் தங்கச் சுரங்கத்து ஊர்களான ஊரிகத்திலிருந்தும் சாம்பியன் ரீப்ஸிலிருந்தும் வந்து இந்த ஹாலை நிறைத்திருக்கும் தாய்மார்களே, நண்பர்களே, வணக்கம். நான் தசரதன். பத்தாவதில் கணக்கு பெயில். மைக் பிடிப்பது இதுதான் முதல் தடவை. தப்பு வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண் மருத்துவர் ஜெயமேரி அம்மையார் போன வியாழக்கிழமை மாரடைப்பில் நம்மை விட்டுப் போனார். படித்தவர்கள் அவருடைய பட்டங்களைச் சொன்னார்கள். எனக்கு என் கண்ணைப் பற்றித்தான் சொல்லத் தெரியும்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் என் இமைகள் தாமாகவே இறுக மூடத் தொடங்கின. பார்வையில் கோளாறு இல்லை, கதவுதான் திறக்காது. எனக்கோ பெங்களூரில் செக்யூரிட்டி வேலை. பட்டப்பகலில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டில் நிற்கும் காவலாளியை யார் வைத்துக்கொள்வார்கள்? அனுப்பிவிட்டார்கள். அதைத் தாங்கினேன். ஆனால் என் மகள் அமலா பள்ளி ஆண்டு விழாவில் பரிசு வாங்கியபோதும் முன்வரிசையில் கண் மூடித்தான் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும், "தூங்கறதுக்கு ஏம்ப்பா அவ்ளோ தூரம் வந்தே?" என்றாள். அதை எப்படித் தாங்குவது?

பூதிகோட்டைக்குப் போய் மந்திரித்துக்கொண்டேன். வெங்காயச் சாறு விட்டேன், எரிச்சல்தான் மிச்சம். ஜெயமேரி அம்மையார்தான், "இது இமைத் தசை இழுப்பு, கண்ணைச் சுத்தி போடாக்ஸ் ஊசி போடணும்" என்றார்.

"அது விஷம்னு பேப்பர்ல போட்டுக்கீறாங்கம்மா."

"விஷந்தாங்க. அந்தச் சதை உங்க பேச்சைக் கேக்காம இழுக்குது. துளியூண்டு போட்டு அடக்கி வெக்கறேன். மூணு மாசம் சும்மா கெடக்கும். அப்புறம் மறுபடி வாங்க."

என் மனைவி ரத்தினம்மா விடவில்லை. "சினிமாக்காரங்க அழகுக்குப் போடறதாமே. இந்த மூஞ்சிக்கு இன்னாத்துக்கு?" என்றாள். அப்படியும் ஊசி போட்டுக்கொண்டேன். நான்கே நாளில் கண் திறந்தது. கண்ணாடியைப் பார்த்தேன். அவள் கேட்டது நியாயம்தான்.

ஒரு குப்பி மருந்தைக் கலக்கினால் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டுமாம். அதனால் இதே நோயுள்ள எங்கள் ஐந்து பேரையும் ஒரே நாளில் வரவழைப்பார். நாங்கள் அதை ஷிப்ட் என்போம். இரண்டாவது ஷிப்டுக்கு நான் போகவில்லை. கண்தான் திறந்துவிட்டதே, இனி டாக்டர் எதற்கு என்று இந்த மேதாவி முடிவு கட்டினேன். அங்கே தங்கம்மா, அனில் என்று மற்ற நான்கு பேரும் காலையிலிருந்து காத்துக் கிடக்க, டாக்டரம்மா என் வாசலில் வந்து நின்றார்.

"இன்னாங்க தசரதன், நாலு பேர் கேஜ்ல ஏறி நிக்கறாங்க. அஞ்சாவது ஆள் ஏறாம நான் எப்படி பெல் அடிக்கிறது?"

சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டுதான் கேஜ்; அது இறங்க மணி அடித்தவரின் மகள் அல்லவா அவர்? சட்டையைக்கூட மாற்றாமல் பின்னால் போனேன்.

அந்த ஊசியால்தான் மறுபடி வேலைக்குப் போனேன். அந்த ஊசியால்தான் போன வருடம் அமலா பட்டம் வாங்கியதைக் கொட்டக் கொட்ட விழித்துப் பார்த்தேன். "கொஞ்சம் கண்ணைச் சிமிட்டுப்பா, பயமா கீது" என்றாள்.

இனி யார் எங்களுக்கு மணி அடிப்பார்கள்? அடுத்த ஷிப்டுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். ஐந்து பேரும் சேர்ந்து வந்தால் போடுகிறேன் என்று பெங்களூரில் ஒரு டாக்டர் சொல்லியிருக்கிறார். நான்கு வீட்டுக் கதவையும் தட்டிக் காலை ரயிலில் ஏற்றுவது இனி என் வேலை. ஒருமுறை ஏறாமல் நின்றவன் நான். இனி ஒருவரையும் விட்டுவிட்டு ஏற மாட்டேன். டாக்டரம்மாவின் படத்துக்கு முன்னால் இந்த வாக்கைக் கொடுக்கிறேன்.

இப்போது மௌன அஞ்சலி. நீங்கள் எல்லாரும் கண்ணை மூடி நில்லுங்கள். நாங்கள் ஐந்து பேர் மட்டும் மூட மாட்டோம். மருந்து தீரப் போகிறது, என் இமை இப்போதே இழுக்கிறது. இழுக்கட்டும். அவர் திறந்து வைத்த கண், ஒரு நிமிடம் அவரைப் பார்த்தபடி நிற்கும்.