மஞ்சள் ரெக்கார்டின் அஞ்சாவது பாட்டு

இல்லம்மா, கையெழுத்து என்னோடதுதான். எதுக்கு இல்லேன்னு சொல்லணும்? மார்லூசின்னு எப்படி வாலை இழுத்து விட்டிருக்கேன் பாரு. இருபத்தேழு வயசுத் திமிரு. இப்ப பென்ஷன் பாரத்துல போடச் சொன்னா, எழுத்து ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் ஓடுது.

போன் பதியுதா? பதியட்டும். காத்தாடிச் சத்தம் விழுந்தா என்னைக் குத்தம் சொல்லாத. அதை நிறுத்துனா ரெண்டு பேரும் வெந்துருவோம். இந்த ஊர் ஜனவரி வெயில் உனக்குத் தெரியாததா. காபி எடுத்துக்கோ. சர்க்கரை போட்டுத்தான் எறக்குனேன், வேண்டாம்னா இனி ஒண்ணும் பண்ண முடியாது.

புஸ்தகம் எழுதுறேன்னு சொன்னே. பாட்டுக்காரர் அனீசியுவோட மஞ்சள் ரெக்கார்டு வந்து அம்பது வருஷம் ஆச்சுன்னு. அதுல அஞ்சாவது பாட்டு, வார்த்தையே இல்லாம லலாயா லாயான்னு முனகிட்டே போவாரே, அதோட வார்த்தையை வெட்டுனது நான். தஸ்தாவேஜுக் கிடங்குல முதல் பக்கம் கெடைச்சுது, என் கையெழுத்தோட. பாட்டு இருந்த ரெண்டாம் பக்கத்தைக் காணோம். இப்ப உனக்கு அந்த வார்த்தை வேணும். அதானே? தெரியும், தைனா. நீ போன் பண்ணி உன் பேரைச் சொன்னப்பவே, இதுக்குத்தான்னு தெரிஞ்சுபோச்சு. சொல்றேன். ஆக்கப் பொறுத்தவ கொஞ்சம் ஆறவும் பொறுத்துக்கோ.

நீ எங்களை என்னன்னு நினைச்சே? தலையில ரெண்டு கொம்பு, வாயில கோரப்பல்லுன்னா? ராணுவ ஆட்சிக் காலத்துல, பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணி வாங்குன கவர்மென்ட் உத்தியோகம்மா. எட்டுப் பொம்பளைங்க, ஒரே ஜன்னல். நாட்டுல எவன் பாட்டு போட்டாலும் ரெண்டு நகல் டைப் அடிச்சு எங்களுக்கு அனுப்பணும். நாங்க படிச்சு முத்திரை குத்தணும். வெளிய விடலாம்னா ஒரு முத்திரை, கூடாதுன்னா இன்னொண்ணு. ஒரு நாளைக்கு நாப்பது பாட்டு. காதலும் கண்ணீரும், கண்ணீரும் காதலும். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் எவன் கவிதையும் ஒரே கவிதைதான் எனக்கு. அவ்வளவு அசதி.

பாட்டுக்காரங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. மந்தையை ஆத்துல எறக்குறதுக்கு முன்னாடி ஒரு நோஞ்சான் மாட்டை எறக்கி விடுவாங்கல்ல? பிரானா மீனெல்லாம் அதை மொய்ச்சுத் தின்னுட்டு இருக்கும், மத்ததெல்லாம் அந்தாண்ட கரையேறிடும். அதே வித்தையை எங்ககிட்டயும் காட்டுவானுங்க. ராணுவத்தைத் திட்டி வேணும்னே ஒரு வரி வைப்பான். நாங்க, ஆகா புடிச்சுட்டோம்னு அதை அடிப்போம். அவன் நெசமா சொல்ல வந்தது அடுத்த வரியில ஒண்ணுந்தெரியாத பாப்பா மாதிரி நடந்து போயிடும். எங்களுக்கு இது தெரியாதா? நல்லாத் தெரியும். தெரிஞ்சே மாட்டைத் தின்னுட்டுக் கையைக் கழுவுவோம். அஞ்சு மணிக்கு பஸ்ஸைப் புடிக்கணுமே.

மஞ்சள் ரெக்கார்டுலயும் ரெண்டு பாட்டுல மாடு விட்டிருந்தாரு. என் தோழிதான் பாத்தா, அந்த ரெண்டு வரியை மட்டும் அடிச்சா, விட்டுட்டா. இந்த அஞ்சாவது என் மேஜைக்கு வந்துச்சு. இதுல மாடே விடலை. பாட்டையே மொத்தமா நிறுத்துனேன். ஆமா, மொத்தமாத்தான். ஒரு வரி கூட விடலை.

கம்பெனிக்காரங்க அந்தப் பாட்டையே தூக்கிடலாம்னாங்களாம். இவரு விடலை. வெட்டுனது வார்த்தையைத்தானே, ராகம் என்ன பாவம் பண்ணுச்சுன்னு ஸ்டூடியோவுல போய் நின்னு முனகிட்டு வந்துட்டாரு. ஒரு கிட்டார், பின்னாடி யாரோ தீப்பெட்டியை ஆட்டித் தாளம் போடுறான், அவ்வளவுதான். மத்த பத்துப் பாட்டுல என்னென்னமோ வாசிச்சு ஊத்தியிருக்காங்க, அதெல்லாம் நல்லாவும் இருக்கும். ஆனா ஜனம் புடிச்சுக்கிட்டது இதை.

ஏன்னு கேட்டா நான் என்ன சொல்ல? வார்த்தை இல்லாத வீடும்மா அது, எவன் வேணா குடி போகலாம். நாலாம் மாடி டால்மு, பொண்டாட்டி செத்து ஒன்பது வருஷமாச்சு, இன்னமும் சவரம் பண்ணிக்கிட்டே அதைத்தான் முனகுறான். என் தங்கச்சி பேத்தி அதைப் பாடித்தான் புள்ளையைத் தூங்க வைக்கிறா. பந்து மைதானத்துல தோத்துட்டு வெளிய வர்றப்ப அதே பாட்டு. கல்யாணத்துல அதே. டி.வி.யில ஒரு பேராசிரியர் வந்து, இதுல மாடு விடலை, அப்படின்னா பாட்டு முழுக்க விஷயம், சித்திரவதையைப் பத்தித்தான்னு அடிச்சுப் பேசுனாரு. எங்க கோயில் பாதிரியார் உயிர்த்தெழுதலைப் பத்தின்னாரு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

நீ எதை நம்புறே? வெக்கப்படாம சொல்லு.

ஓ.

எந்த ஜெயில்ல? எத்தனை மாசம் இருந்தாரு உன் தாத்தா? அறைக்கு அறை முனகுவாங்களா... காவக்காரனால அதைத் தப்புன்னும் சொல்ல முடியாது, வார்த்தைதான் இல்லையே. சரிதான். அப்ப அது அவரு பாட்டுதாம்மா. நான் என்ன சொன்னாலும் அது அவரு பாட்டுதான், அதை முதல்ல மனசுல வச்சுக்கோ.

நான் கேப்பேனான்னா? வீட்டுல அந்த ரெக்கார்டு கெடையாது. எங்கயாவது கேட்டா காதைப் பொத்திக்கிட்டா ஓட முடியும்? பல்லைக் கடிச்சுக்கிட்டு நிப்பேன். அனீசியு செத்தன்னைக்கு இந்தத் தெரு முழுக்க ஜன்னலைத் திறந்து வச்சு முனகுனாங்க. நான் மட்டும் குழாயைத் திறந்து விட்டுப் பாத்திரம் கழுவிட்டு நின்னேன். கழுவுன பாத்திரத்தையே கழுவுனேன்.

இன்னொண்ணையும் எழுதிக்கோ. முத்திரை குத்துறதோட எங்க வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சுட்டு இருந்தோம் நாங்க. முடியாது. பாட்டு மொத்தமா நின்னா பேரு ஒரு பட்டியலுக்குப் போகும். பட்டியல் மாடிக்குப் போகும். ரெண்டு மாசம் கழிச்சு ரெண்டு போலீஸ்காரங்க அனீசியு வீட்டுக் கதவைத் தட்டுனாங்க. நாலு நாள் வச்சிருந்துட்டு விட்டாங்க. மறு வாரமே நாட்டை விட்டு லிஸ்பனுக்குப் போயிட்டாரு. அஞ்சு வருஷம். எல்லாருக்கும் மன்னிப்புன்னு சட்டம் வந்தப்புறம்தான் திரும்புனாரு. அதுக்குள்ள அம்மா போய்ச் சேர்ந்துட்டாங்க. இவருதான் ஒத்தப் புள்ள.

திரும்பி வந்ததும் எல்லாரும் கேட்டாங்க, இப்பவாவது வார்த்தையோட பாடுங்கன்னு. அவங்கவங்க வார்த்தையைப் போட்டுக்கிட்டீங்க, இனி என்னோடதுக்கு அதுல இடம் இல்லைன்னுட்டாரு. அதுல என்னத்தைக் கண்டு வெட்டுனாங்கன்னு கேட்டா, சத்தியமா எனக்கே தெரியலைன்னுவாரு. கூட்டம் சிரிக்கும், கைதட்டும். குறும்பு பண்றாருன்னு நினைச்சுக்கும். அவரு குறும்பு பண்ணலைம்மா.

காரணம்னு ஒரு கட்டம் இருக்கும், நீதான் பாத்தியே. பொது ஒழுங்குக்குக் கேடுன்னு எழுதியிருக்கேன். எவனுக்கும் பொருந்துற சட்டை அது.

என்ன இருந்துச்சா? அட, ஒண்ணும் இல்லம்மா. ஒருத்தி புருஷனுக்குச் சோறு எடுத்து வைக்கிறா. சோறு, கறுப்பு பீன்ஸ், மேல ஒரு முட்டை. இன்னொரு தட்டைக் கவுத்து மூடி, சூடு ஆறாம அடுப்பு மேல வைக்கிறா. அவன் வரலை. விடிஞ்சதும் அவளே தொறந்து, நின்னுக்கிட்டே தின்னுடுறா. பன்னெண்டு வரி. முடிஞ்சுது. ராணுவமும் இல்ல, ஜெயிலும் இல்ல.

என் வீட்டுக்காரர் ஒட்டாசீலியு திங்கக்கிழமை போனாரு, பல் டாக்டர்கிட்ட வேலை பாத்த ஒருத்தியோட. இந்தக் காகிதம் எனக்கு வந்தது வியாழக்கிழமை. மூணு ராத்திரி தட்டு மூடி வச்சேன். மூணு காலையும் நானே தின்னேன், நின்னுக்கிட்டுத்தான். அதை வந்து எவனோ ஒருத்தன் டைப் அடிச்சு என் மேஜையில வச்சிருக்கான். இது ரேடியோவுல வரும், கீழ் வீட்டுக்காரி துணி தொவைச்சுக்கிட்டே பாடுவா, பஸ்ஸுல கண்டக்டர் பாடுவான். என்னால கேக்க முடியாதுன்னு தோணுச்சு. கூடாதுன்னு முத்திரை குத்திட்டேன்.

நிறுத்தாத, பதியட்டும். என் பேரைப் போட்டே எழுது. அவமானமா இருக்கு, இருக்கட்டும்.

அனீசியு லிஸ்பன்ல உக்காந்துக்கிட்டு, எந்த வரிடா, எந்த வார்த்தைடான்னு அந்தப் பன்னெண்டையும் எத்தனை தடவை பொரட்டிப் பாத்திருப்பாரு. உங்க பாட்டுல தப்பு இல்லைன்னு ஒரு கடுதாசி போட்டிருக்கலாம் நான். பேரு கூடப் போட வேண்டியதில்ல. லிஸ்பன் விலாசம் எங்க ஆபீஸ் ஃபைல்லயே இருந்துச்சு.