அஞ்சு மணிக்குக் கடை திறப்பு

வளவன்: கைய எடு ஜெஸி. மவுஸ் மேல இருந்து கைய எடு.

ஜெஸிமா: நான் ஒண்ணும் பண்ணலை.

வளவன்: ரிலீஸ் தேதிய மாத்தப் போனே. பாத்துட்டேன்.

ஜெஸிமா: ஒரே வாரம் வளவா... அடுத்த வெள்ளிக்கிழமை.

வளவன்: முதல்ல பொங்கலுக்குன்னோம். அப்புறம் ரம்ஜான் முடியட்டும்னே. அப்புறம் சித்திரை. இப்ப ஆடியே வந்தாச்சு. ஊர்ல இருக்கிற துணிக்கடைக்காரன் எல்லாம் தள்ளுபடி போர்டு மாட்டிட்டான், துணிக்கடை கேம் செஞ்ச நாம இன்னும் ஷட்டரையே தூக்கலை.

ஜெஸிமா: பக் இருக்கு.

வளவன்: எந்த பக்?

ஜெஸிமா: விலை கட்டலைன்னு கோவிச்சுக்கிட்டுப் போற கஸ்டமர், சில நேரம் சுவத்துக்குள்ள பூந்து போறா.

வளவன்: தங்கமான கஸ்டமர். நிஜத்துல வாசப்படியில நின்னு, 'கூப்பிடுவானா மாட்டானா'ன்னு அரைமணி நேரம் திரும்பித் திரும்பிப் பாப்பாங்க. அடுத்தது?

ஜெஸிமா: மழை லெவல்ல, சேவ் ஆகறப்ப கரண்ட் போனா...

வளவன்: அதை நேத்து சரி பண்ணிட்டோம். பிளக்கப் பிடுங்கிப் பிடுங்கி மூணு தடவை பாத்தோம்.

ஜெஸிமா: நாலாவது தடவை பாக்கலையே.

வளவன்: அம்மா தாயே! இருநூத்திப் பதினாலு பக் சரி பண்ணியாச்சு. மிச்சம் ஒம்போது. ஒம்போதும் சில்லறை. ரெண்டே பேரு, நாலு வருஷம், இந்தத் தென்னூர் மாடி ரூம்ல வெந்து வெந்து செஞ்ச கேமு. டெமோ விட்டு ஒரு மாசத்துல பதினோராயிரம் பேரு விளையாடிட்டாங்க. ஒருத்தன் சுவத்தப் பத்திக் கேக்கலை. 'முழு கேம் எப்ப'ன்னுதான் கேக்கறான். இன்னைக்கு அஞ்சு மணின்னு நாமதான் அறிவிச்சோம். இப்ப மூணரை.

ஜெஸிமா: மணி சொல்லாத. பதட்டமா இருக்கு.

வளவன்: எனக்கு மட்டும் என்ன, பால் பாயசம் குடிச்ச மாதிரியா இருக்கு? காலையில இருந்து நாலு தடவை பாத்ரூம் போயிட்டேன். ஒரு ஈ காக்கா வாங்கலைன்னா என்ன பண்றதுன்னு...

ஜெஸிமா: யாரும் வாங்கலைன்னா பரவாயில்லை. வாங்கிட்டாங்கன்னா?

வளவன்: ...என்ன சொன்னே?

ஜெஸிமா: ஒண்ணுமில்லை.

வளவன்: இல்லை, இப்ப ஏதோ சொன்னே. மூணு வாரமா நீ ஆளே சரியில்லை. டீயக் கையில வச்சுக்கிட்டே ஆற விடறே. என்னன்னு சொல்லு.

ஜெஸிமா: ...எங்கத்தா, அழகிரி மாமாவ கவுன்ட்டர்ல இருந்து எடுத்துட்டாங்க. கோடவுன்ல போட்டுட்டாங்க.

வளவன்: உங்கப்பா நம்ம அழகிரி அண்ணனையா எடுத்தாரு? கேம்ல சேல்ஸ்மேனுக்கு வாய்ஸ் குடுத்தவரையா?

ஜெஸிமா: ம்.

வளவன்: மலைக்கோட்டைச் சந்துல உங்க கடைன்னாலே அவர் குரல்தானே! இருபத்திரெண்டு வருஷம் நின்ன மனுஷன். என்னாச்சு?

ஜெஸிமா: சீட்டு வெளிய போயிடுச்சு.

வளவன்: எந்தச் சீட்டு?

ஜெஸிமா: துணியில தொங்குமே, அந்தச் சீட்டு. நாங்க வாங்கின அசல் விலைய எண்ணுல எழுத மாட்டோம், எழுத்துல எழுதுவோம். அதை எப்படிப் படிக்கிறதுன்னு யாருக்கோ தெரிஞ்சு போச்சு.

வளவன்: அட, நம்ம கேம்ல இருக்கிற மாதிரி...

ஜெஸிமா: மாதிரி இல்லை வளவா. நம்ம கேம்ல இருக்கிறதேதான் அது.

வளவன்: புரியலை.

ஜெஸிமா: 'சோறு போடுது கடை தானே.' ஒம்போது எழுத்து. சோன்னா ஒண்ணு, றுன்னா ரெண்டு, அப்படியே போய் டைக்கு ஏழு, தாவுக்கு எட்டு, னேக்கு ஒம்போது. சைபருக்குச் சுழி. இது என் சொந்தக் கற்பனைன்னுதானே நெனச்சே?

வளவன்: பல்லு விளக்கறப்ப தோணுச்சுன்னு நீதானே சொன்னே?

ஜெஸிமா: பொய். அது எங்கத்தாவோட வாசகம். பன்னெண்டு வயசுல என்னைச் சீட்டு எழுத உக்கார வச்சப்ப, காதுல சொன்னது. கேம் ஆரம்பிச்சப்ப சும்மா ஒரு இடத்தை நிரப்பறதுக்குப் போட்டேன். அப்புறம் மாத்திக்கலாம்னு இருந்தேன். நீ அதுக்கு மேலயே மூணாம் நாள் லெவலைக் கட்டிட்டே.

வளவன்: முதலாளி தினமும் ஷட்டரத் தூக்கறப்ப முணுமுணுக்கிறது... மூணாம் நாள் விளையாடறவனுக்குப் பளிச்சுனு விளங்கும், சீட்டு எழுத்துக்கெல்லாம் சாவி அந்த முணுமுணுப்புதான்னு... ஜெஸி, எல்லாரும் கொண்டாடறதே அந்த ஒரு இடத்தைத்தான்!

ஜெஸிமா: அதுதான் பயம்மா இருக்கு.

வளவன்: சரி, பதறாத. வேற வாசகம் போட்டுக்கலாம்.

ஜெஸிமா: அழகிரி மாமா பேசின நூத்தி எண்பது வரிய யாரு மாத்துவா? 'முதலாளி... று, போ, து, சுழி!'ன்னு தொண்டை கிழியக் கூவியிருக்காரே. கோடவுனுக்குப் போய் என்னன்னு சொல்வேன்? 'மாமா, உங்க பொழப்புல மண்ணப் போட்டது நான்தான், வந்து மறுபடி கூவிட்டுப் போங்க'ன்னா?

வளவன்: அவருக்கு அந்த வாசகம் தெரியுமா?

ஜெஸிமா: தெரியாது. சீட்டைப் பாத்து எழுத்தைக் கூவுவாரு, எவ்வளவு இறங்கலாம்னு அத்தா மேசையில இருந்து சாடை காட்டுவாங்க. அவ்வளவுதான். ஆனா இத்தனை வருஷம் கூவினவர் கண்டுபிடிச்சிருக்க மாட்டாரான்னு அத்தாவுக்குச் சந்தேகம் போலிருக்கு. இதுல இன்னைக்கு கேமும் வந்துச்சுன்னு வை... என் தம்பி தாஹா வேற, கடை டிவியிலயே போட்டுக் காட்டறேன்னு குதிச்சுக்கிட்டிருக்கான். அழகிரி மாமா குரல் அந்த எழுத்தைக் கூவும், பக்கத்துலயே வாசகம் ஓடும். அத்தாவுக்கு அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? கோடவுன்ல இருந்து நேரா வீட்டுக்குத்தான்.

வளவன்: சீட்டு வெளிய போனது எப்படித் தெரிஞ்சுச்சாம்?

ஜெஸிமா: யாரோ ஒரு அம்மா. ஒரே வாரத்துல மூணு தடவை வந்துச்சாம். பேரமே இல்லை. சீட்டைத் திருப்பிப் பாக்கறது, உதட்டை அசைக்கறது, அசலுக்கு மேல கரெக்டா அம்பது ரூபா சேத்துக் கேக்கறது. முதல்ல பட்டுச்சேலை, அப்புறம் ஜமக்காளம், அப்புறம் ஆறு வேட்டி. மூணாவது தடவை அத்தாவுக்குப் புரிஞ்சு போச்சாம். கடை வச்சு நாப்பது வருஷத்துல ஒருத்தரும் அப்படிக் கேட்டதில்லை.

வளவன்: ...தற்செயலா இருக்கும்.

ஜெஸிமா: மூணு தடவையுமா?

வளவன்: சில பேரு துணியத் தடவிப் பாத்தே விலை சொல்லிடுவாங்க ஜெஸி. அனுபவம். அதுக்காக ரிலீஸை நிறுத்தறதா? ஆறு பட்டுக்கரை வேட்டிக்குப் போய் இவ்வளவு...

ஜெஸிமா: பட்டுக்கரையா?

வளவன்: ம்?

ஜெஸிமா: நான் ஆறு வேட்டின்னுதான் சொன்னேன். என்ன கரைன்னு சொல்லவே இல்லை.

வளவன்: வாய் தவறிடுச்சு.

ஜெஸிமா: உன் தங்கச்சி வேணி கல்யாணத்துக்கு எங்க துணி எடுத்தீங்க?

வளவன்: அதை ஏன் இப்ப கேக்கறே?

ஜெஸிமா: சொல்லு வளவா. எங்க எடுத்தீங்க?

வளவன்: அம்மாதான் உள்ள போனாங்க. நான் வெளிய வண்டியில உக்காந்திருந்தேன்.

ஜெஸிமா: யா அல்லாஹ்! உங்க மகாலட்சுமி அம்மாவா அது!

வளவன்: கத்தாத... கீழ கேக்கும். அழகிரி அண்ணன் ரெக்கார்டிங் விஷயமா ஒரு தடவை உங்க கடைக்கு வந்தேன்ல, அப்ப ஒரு சீட்டைப் பாத்தேன். நம்ம எழுத்து. சும்மா ஒரு டெஸ்ட்டுன்னு ஆரம்பிச்சது. பலிச்சதும் அம்மா விடலை. கல்யாணச் செலவு...

ஜெஸிமா: அப்ப இவ்வளவு நேரம் 'பல்லு விளக்கறப்ப தோணுச்சுன்னு நீதானே சொன்னே'ன்னு என்ன நடிப்பு நடிச்சே!

வளவன்: பயம் ஜெஸி. ஆனா சத்தியமா, அழகிரி அண்ணன் தலையில விடியும்னு தெரியாது. நீ இப்ப சொல்லித்தான் தெரியும்.

ஜெஸிமா: அசலுக்கு மேல அம்பது ரூபான்னு எவனாவது கேப்பானா? நாலாம் நாள் லெவல் முழுக்க நாம அதைத்தானே சொல்லிக் குடுக்கிறோம்! அசல் தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி பாதிக்குக் கேக்கணும், மூஞ்சியச் சுளிக்கணும், எழுந்து போகணும்...

வளவன்: அம்மா டெமோ மட்டும்தான் விளையாடினாங்க. அது மூணாம் நாளோட முடிஞ்சிடுது.

ஜெஸிமா: என்னைச் சிரிக்க வைக்காத. அங்க ஒரு மனுஷன் தலையக் குனிஞ்சு மூட்டை எண்ணிக்கிட்டிருக்காரு.

வளவன்: இப்ப என்ன பண்றது? நாலு ஆகப் போகுது.

ஜெஸிமா: அத்தாகிட்ட சொல்லிடணும்.

வளவன்: ரிலீஸ் பண்ணிட்டு, அப்புறமா மெதுவா...

ஜெஸிமா: மூணு வாரமா நானும் 'அப்புறமா'ன்னுதான் இருக்கேன். பக்கு பக்குன்னு உன்கிட்ட தேடிக் காட்டினதெல்லாம் எதுக்குன்னு நெனச்சே? அத்தாகிட்ட சொல்ல தைரியம் இல்லாமத்தான். இந்தா, ஸ்பீக்கர்ல போடறேன். நீயும் பேசணும்.

வளவன்: நானுமா? ஜெஸி, இரு, ஒரு நிமிஷம்...

ஜெஸிமா: ரிங் போகுது.

ஹனீஃபா: ஹலோ.

ஜெஸிமா: அஸ்ஸலாமு அலைக்கும் அத்தா.

ஹனீஃபா: வஅலைக்கும் ஸலாம். கடையில ஆள் நிக்கிறாங்க. சுருக்கா சொல்லு.

ஜெஸிமா: அத்தா... அழகிரி மாமா மேல தப்பில்லை. வாசகத்தை வெளிய விட்டது நான். கேம்ல அப்படியே போட்டுட்டேன். ஒரு மாசமா டெமோவுல இருக்கு.

வளவன்: பாய், நான் வளவன் பேசறேன். அந்தச் சேலை, ஜமக்காளம், வேட்டி எல்லாம் வாங்கினது எங்கம்மா. சொல்லிக் குடுத்தது நான்.

ஜெஸிமா: அத்தா, திட்டணும்னா திட்டுங்க.

ஹனீஃபா: மணப்பாறைக்கு இப்ப பஸ் இருக்கா?

ஜெஸிமா: எதுக்கு அத்தா?

ஹனீஃபா: அழகிரி காலையில கோடவுன் சாவிய மேசையில வச்சுட்டு ஊருக்குப் போயிட்டாரு. நேத்து வந்து, 'முதலாளி, வெளிய சொன்னது நான்தான்'னு கை கட்டி நின்னாரு.

ஜெஸிமா: அவரா? அவருக்கு அது தெரியவே தெரியாதே!

ஹனீஃபா: 'டைன்னா எத்தனை?'ன்னு கேட்டேன். நாலுன்னாரு.

வளவன்: ஏழாச்சே... ஜெஸி, கேம்லயும் அதே எழுத்தைக் கூவினவராச்சே, உன் வேலைன்னு புரிஞ்சுக்கிட்டு உனக்காகப் பொய் சொல்லியிருக்காரு. வா, பஸ்ஸெல்லாம் வேண்டாம், என் வண்டியில போயிடலாம். அஞ்சு மணி ரிலீஸை என்ன பண்ண?

ஜெஸிமா: தள்ளி வை. அவர் வந்து வேற எழுத்தைக் கூவற வரைக்கும் கேம் முடியலை. அத்தா, பொய்னு தெரிஞ்சும் ஏன் அவரைப் போக விட்டீங்க?

ஹனீஃபா: அந்த வாசகம் உலகத்துல ரெண்டு பேருக்குத்தான் தெரியும், ஒண்ணு நான், இன்னொண்ணு நீ. அழகிரி மேல எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லைம்மா. அவர் கோடவுன்ல கிடக்கறதைப் பாத்தாவது நீ வந்து வாயத் திறப்பேன்னு மூணு வாரம் உக்காந்திருந்தேன்... காலையில அவர் படியிறங்கினப்பவும் கூப்பிடாம, இந்த போனைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.