உலர்த்தும் அறைக்கு வெளியே

வெள்ளைத் துணியில் ரத்தக் கறை போக வெந்நீர் கூடாது, ஐயா. பச்சைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். வெந்நீர் பட்டால் கறை துணியோடு சேர்ந்து உறைந்துபோகும், பிறகு எந்தச் சோப்பும் எடுபடாது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தவறுதான். சொல்லிக்கொடுத்தால் ஒரே நாளில் பிடிபட்டுவிடும். அவளுக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் எங்கள் சலவைப் பிரிவு. நீங்கள் வந்து பார்த்தீர்கள். துவைக்கிற இயந்திரங்கள் மூன்று, விரிப்புகளைத் தேய்க்கிற பெரிய ரோலர், மடிக்கிற மேஜை, மூலையில் உலர்த்தும் அறை. ரோலரில் எனக்கு இருபத்திரண்டு வருடம். ஒரு விரிப்பு கூட என் கையில் கருகியதில்லை.

பத்து வருடத்துக்கு முன்னால் எங்களிடம் கொதிகலன் பார்க்கிறவர் ஒருவர் இருந்தார். தமாஷான ஆள். அவர் வாயைத் திறந்தால் மேஜையே குலுங்கும். ஆனால் வேலை நேரத்தில் தூங்குவார். கொதிகலன் என்ன தொட்டிலா, பக்கத்தில் படுத்துத் தூங்க? மேலாளரிடம் சொன்னேன். அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மதியம் சாப்பிடப் போனால் நீள மேஜையில் என் நாற்காலி இல்லை. அழுக்குத் துணி வண்டிக்குப் பக்கத்தில், சுவரோரமாகக் கிடந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன், அதோடு தீர்ந்திருக்கும். நாற்காலியைத்தான் நகர்த்தினார்கள்.

இரண்டு நாளில் ஆறிவிடும் என்று நினைத்தேன். ஆறவில்லை. ஒருமுறை காய்ச்சலில் ஆறு நாள் வேலைக்குப் போகவில்லை. திரும்பி வந்தபோது ரோலரின் மறுமுனையில் நிற்கிறவள், "ரோலர்ல சத்தம் வருது" என்றாள். அந்த மூன்று சொல்லை அன்று முழுக்க எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டிலும் நான் ஒண்டிக்கட்டைதான். சனிக்கிழமை மதியம் பேசினால் அடுத்தது திங்கட்கிழமை காலைதான் என் குரலை நானே கேட்பேன்.

இப்படி ஒன்பது வருடம் போன பிறகுதான் தையல்காரி வந்தாள். கிழிந்த விரிப்புகளையும் நோயாளிகளின் அங்கிகளையும் தைப்பது அவள் வேலை. முப்பது வயது. புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தாள். வேறு ஊரில் ஒரு தங்கை. முதல் நாள் மதியம் டிபன் பாக்ஸோடு வந்து என் எதிரில் நின்றாள்.

"இங்க யாராவது உட்காருவாங்களாக்கா?"

"இல்லம்மா."

"அப்ப நான் உட்கார்ந்துக்கறேன்."

அவ்வளவுதான். ஒன்பது வருடத்துக்கு அது போதுமா என்று நீங்கள் கேட்கலாம். போதும்.

அவளிடம் ஒரு பழைய நாவல் இருந்தது. அட்டை போய், முதுகில் அவளே நூல் போட்டுத் தைத்திருந்தாள். மதியம் சாப்பிட்ட பிறகு எனக்கு ஒரு பக்கம் வாசித்துக்காட்டுவாள். கப்பல் வராத ஒரு மழைக்காலத்தில், ஒரு தீவில், ஏழு வீட்டுக்காரர்கள். எல்லாருக்கும் பேச ஆள் வேண்டும், யாரும் அடுத்தவர் கதவைத் தட்ட மாட்டார்கள். அதில் படகுக்காரனின் விதவை ஒருத்தி வருவாள். அவள் வாசலில் யாரும் நிற்பதில்லை. கிணற்றடிக்கு அவள் வந்தால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். அவள் வருகிற பக்கமெல்லாம் தையல்காரிக்குக் கண் கலங்கிவிடும்.

"பாவம்க்கா. ஒருத்தராவது அவகிட்ட முகம் கொடுத்துப் பேசினா என்ன?"

எனக்கு அந்த விதவைமேல் பரிதாபம் வரவில்லை. ஒருத்தி துணைக்கு வேண்டுமென்றால் அதற்கு வழி பார்க்க வேண்டும். அவளுக்குச் சாமர்த்தியம் போதாது என்றுதான் நினைத்தேன்.

பதினோராம் நாள் நீள மேஜையிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். மடிப்பு மேஜைக்குத் தலைவி ஒருத்தி, 'ராணி' என்பது பட்டப்பெயர். "இங்க வாம்மா, சுவத்தைப் பாத்து என்ன சாப்பாடு?" என்றாள். தையல்காரி போனாள். நான் அன்று டப்பாவைத் திறக்கவில்லை. மறுநாள் என்னிடமே திரும்பி வந்துவிட்டாள்.

"அவங்க உங்களைப் பத்தி என்னென்னமோ சொன்னாங்கக்கா. நான் காதுல போட்டுக்கல."

நல்ல மனசு. ஆனால் யோசித்துப் பாருங்கள், ஐயா. காதில் போட்டுக்கொள்ளாமல் எத்தனை நாள் இருக்க முடியும்? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஒரு வாரம், மிஞ்சிப்போனால் ஒரு மாதம்.

பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னாள். கழித்துப் போட்ட பழைய துண்டுகளை ராணி வீட்டுக்கு எடுத்துப் போகிறாளாம், படுத்த படுக்கையாகக் கிடக்கிற அம்மாவுக்காக. "எப்படியும் குப்பைக்குப் போறதுதானேக்கா" என்று சிரித்தாள்.

அன்றைக்கே மேலாளர் அறைக் கதவின் கீழே ஒரு சீட்டைத் தள்ளினேன். பெயர் போடவில்லை. துண்டு விஷயத்தை மட்டும், மேஜையில் பேசிய வார்த்தை மாறாமல் எழுதியிருந்தேன். ராணியின் வேலை போகவில்லை. ஆனால் தினமும் வாசலில் எல்லோர் முன்னாலும் அவள் பையைத் திறந்து காட்ட வேண்டியதாயிற்று. அந்தப் பேச்சு நடந்தபோது மேஜையில் புதிதாக உட்கார்ந்திருந்தவள் ஒருத்திதான். யாரும் யாரையும் விசாரிக்கவில்லை. தையல்காரிக்கு 'ஒட்டுக்காது' என்று பேர் வைத்தார்கள். அத்தோடு அவளைக் கைகழுவிவிட்டார்கள்.

அதன் பிறகு பதினான்கு மாதம். என் ஆயுசில் நன்றாக இருந்த காலம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

அவளுக்கு அப்படி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். தைக்கும்போது முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள், அது நின்றுபோயிற்று. ஊசி விரலில் ஏறுவது அதிகமாயிற்று. ராணியிடம் போய், என்ன தப்பு என்று தெரியாமலே மன்னிப்புக் கேட்டாள். ராணி துணிக்கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

"நான் என்னக்கா பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணலம்மா. மனுஷங்க அப்படித்தான்."

இதில் பொய் ஒன்றும் இல்லை, ஐயா. இரண்டுமே உண்மை.

எட்டாம் மாதம் ராணிக்கே மனசு இளகியது. அம்மா தவறிவிட்டாள் போல. ரோலர் பக்கம் வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு. நடந்தது நடந்துபோச்சு. நாளையிலேர்ந்து வந்து எங்ககூட உட்காரட்டும்" என்றாள். ஒன்பது வருடத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. நானும் வந்து உட்காரலாம் என்று அதில் இல்லை. சரி என்று தலையாட்டினேன். சொல்லவில்லை. அவள் வராததைப் பார்த்து, திமிர் என்று எடுத்துக்கொண்டார்கள்.

போன மாதம் அவளுடைய தங்கை கூப்பிட்டாள். அந்த ஊரில் பள்ளிச் சீருடை தைக்கிற இடத்தில் வேலை. தங்கையோடே இருந்துகொள்ளலாம். எனக்குச் சொல்லும்போது அவள் முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது. போகாதே என்று நான் சொல்லவில்லை. யோசித்துக்கொள் என்றேன். யோசித்துவிட்டேன் என்றாள்.

விட்டுப் போகிறவள் சும்மா போயிருக்கலாம். வேலையை விடுகிற கடிதம் கொடுக்கப் போனபோது மேலாளரிடம் கேட்டிருக்கிறாள், தன்மேல் எல்லோருக்கும் என்ன கோபம் என்று. இனிமேல் என்ன என்று அவரும் அந்தச் சீட்டை எடுத்துக் காட்டிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவருக்கு மட்டும் வேலை. பகல் ஒரு மணி இருக்கும். அவள் ரோலருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். துணிக்கட்டுகளுக்கு நான் எழுதிய அடையாளச் சீட்டு ஒன்றைக் கையில் வைத்திருந்தாள். 'குழந்தைகள் வார்டு' என்று எழுதியது.

"இந்த ழகரத்துக்கு வாலை இப்படிச் சுழிச்சு எழுதறது நீங்க ஒருத்தர்தான்க்கா."

நான் அடுத்த விரிப்பின் நுனியை ரோலரில் கொடுத்தேன்.

"ஏன்க்கா?"

பதில் எனக்குத் தெரியும். ஆனால் அதை வாயால் சொன்னால் சின்னதாக இருக்கும் போலத் தோன்றியது.

"உங்கமேல எனக்குக் கோபம்கூட வரல. நாளைக்கு மேஜையில எல்லார் முன்னாடியும் சொல்லிட்டுத்தான் போவேன். உங்களை மாட்டிவிட இல்லக்கா. என் பேர் சுத்தமாகணும்."

சொல்லிவிட்டு, காய்ந்த விரிப்புகளை எடுக்க உலர்த்தும் அறைக்குள் போனாள். கோபத்திலும் வேலையை மறக்கிறவள் இல்லை.

அந்த அறையை நீங்கள் பார்த்தீர்கள். நாலு சுவரிலும் நீராவிக் குழாய், நடுவில் கம்பி கம்பியாக விரிப்பு. ஜன்னல் கிடையாது. கதவுக்கு உள்பக்கக் கைப்பிடி உடைந்து மாதக்கணக்காகிறது. எல்லோரும் ஒரு மரக்கட்டையை அண்டக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவோம். நான் கதவைத் தள்ளவில்லை, ஐயா. கட்டையை எடுத்தேன். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

கொஞ்சம் பேசலாம் என்றுதான் நினைத்தேன். முகத்தைப் பார்த்துப் பேச வராதது கதவுக்கு வெளியில் நின்றால் வரும். வந்தது. ஒன்பது வருடக் கதையைச் சொன்னேன். நாற்காலியைச் சொன்னேன், காய்ச்சலைச் சொன்னேன். அவள் முதலில் தட்டினாள். பிறகு, "சொல்லலக்கா, யார்கிட்டயும் சொல்லல, கதவைத் திறங்க" என்றாள். பயத்தில் சொல்கிற வார்த்தையை நம்பலாமா? திறந்தால் போய்விடுவாள். நாளைக்கு இல்லாவிட்டால் அடுத்த வாரம்.

அவள் மேஜைமேல் அந்த நாவல் இருந்தது. முடிய முப்பது பக்கம் பாக்கி. எடுத்துவந்து கதவோரம் உட்கார்ந்து நான் வாசித்தேன். எத்தனை நாள் அவள் எனக்கு வாசித்திருக்கிறாள். கப்பல் வருகிறது, ஏழு வீட்டுக்காரர்களும் கரைக்குப் போகிறார்கள், விதவையை யாரும் கூப்பிடுவதில்லை. அந்த இடத்தில் நிறுத்தி, "கேக்குதாம்மா?" என்றேன். கதவைச் சுரண்டுகிற சத்தம் வந்தது. மேலே வாசித்தேன். கடைசிப் பத்துப் பக்கத்துக்குச் சத்தம் ஒன்றும் இல்லை. கதையில் ஆழ்ந்திருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

சூட்டைக் கூட்டினேனா என்று கேட்டீர்கள். கூட்டவில்லை. குறைக்கிற திருகு என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. குறைக்கவும் இல்லை.

மாலை வேலைக்கு வந்தவர்கள் பார்த்தபோது, கதவைத் திறந்து அவள் தலையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். கட்டை நழுவிவிட்டது என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். நான் ஆமாம் என்றுகூடச் சொல்லவில்லை. ராணி என் தோளைப் பிடித்து எழுப்பி, நீள மேஜைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்தாள். மறுநாள் மதியம் மேஜையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். பன்னிரண்டு நாள் அங்கேதான் சாப்பிட்டேன். ஒருத்தி குழம்பு கூட ஊற்றினாள்.

பிறகு ஏன் நீயாக ஸ்டேஷனுக்கு வந்தாய் என்கிறீர்கள். மனசாட்சி உறுத்தியதா என்கிறீர்கள். அதெல்லாம் பெரிய வார்த்தை, ஐயா. நேற்று சாப்பிடும்போது ராணி பெருமூச்சு விட்டு, "பாவம், பக்கத்துல ஒரு ஆள் இல்லாம போய்ச் சேர்ந்துட்டா" என்றாள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நான் டப்பாவை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். ஒன்றும் தெரியாதவர்கள், வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்கள்.

உங்கள் தாளிலும் அப்படி ஏதாவது எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். கட்டையை எடுத்தது நான்தான், திறக்காமல் இருந்ததும் நான்தான், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவள் தனியாகச் சாகவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம், ஒரு சாண் தூரத்தில், நான் நகராமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் "அக்கா, அக்கா" என்று என்னைத்தான் கூப்பிட்டாள். வேறு யாரையும் அவள் கூப்பிடவில்லை.